ஒரு பிட்சரின் முழங்கை எத்தனை ஆண்டு தாங்கும்?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா சென்ற கோடையில் போனில் கேட்டாள். "டேய், முழங்கையில ஏதோ ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பந்து முன்னைவிட வேகமா போகுமாமே, நிஜமா?"

அவள் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி நண்பர்களோடு சேர்ந்து பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. அதிலும் பந்தெறியும் பிட்சராகத்தான் ஆவேன் என்று நிற்கிறான். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரும் பெற்றோர்களின் பேச்சில் அவள் காதில் விழுந்த சேதி இது. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் செய்துகொள்கிறார்களாம், திரும்பி வந்தபின் கை இன்னும் பலமாக இருக்குமாம், அதனால் வலி வந்தாலும் பயப்பட வேண்டாமாம்.

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று விளக்கத்தான் நேரம் பிடித்தது. ஒரு தொழில்முறை பிட்சரின் வாழ்க்கை முழுவதுமே முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சின்ன ஜவ்வில்தான் தொங்குகிறது. அந்த ஜவ்வைப் புரிந்துகொண்டால் அவர்களுடைய சம்பளம், ஓய்வு, ஏற்றம், இறக்கம் எல்லாமே புரியும். அக்காவிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். பேஸ்பால் தெரிய வேண்டியதில்லை; கிரிக்கெட் பார்த்திருந்தால் போதும்.

பிட்சர் செய்யும் வேலை

பிட்சர் நிற்பது 10 அங்குல உயரமுள்ள ஒரு மண்மேட்டில். அங்கிருந்து 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர் தள்ளி, 17 அங்குல அகலத்தில் ஒரு வெள்ளைத் தகடு தரையில் பதிந்திருக்கும். பந்து அந்தத் தகட்டுக்கு மேலாக, மட்டையாளரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் போக வேண்டும். நடுவில் தரையில் குத்தக் கூடாது. ஓடி வந்து வீசவும் முடியாது. நின்ற இடத்திலிருந்து ஒரே ஓர் எட்டு வைத்துத்தான் எறிய வேண்டும்.

கிரிக்கெட்டில் ஆறு பந்து முடிந்தால் பந்து வேறொருவர் கைக்குப் போய்விடும். இங்கே அப்படி இல்லை. மாற்றப்படும் வரை ஒவ்வொரு பந்தும் அந்த ஒருவருடையதுதான். ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவரை ஸ்டார்ட்டர் என்பார்கள். இந்தக் காலத்தில் அவர் 90, 100 பந்து எறிந்ததும் இறக்கிவிடுவார்கள்; பிறகு நான்கைந்து நாள் ஓய்வு. அவருக்குப் பின் வருபவர்கள் ரிலீவர்கள். பெரும்பாலும் ஓர் இன்னிங்ஸ், அதாவது எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும் வரை மட்டும் எறிவார்கள், ஆனால் வாரத்தில் பல நாள் வர வேண்டியிருக்கும்.

வட அமெரிக்காவின் உச்சத் தளமான மேஜர் லீக்கில் 30 அணிகள். ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒவ்வோர் அணியிலும் 26 பேர். அதில் பாதிப் பேர் பிட்சர்கள்தான். இவ்வளவு பேரை ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கான பதிலும் அந்த ஜவ்வில்தான் இருக்கிறது.

கிரிக்கெட்டில் முதுகு, பேஸ்பாலில் முழங்கை

நம் வேகப்பந்து வீச்சாளர்கள் எதற்காக அணியை விட்டு வெளியே உட்காருகிறார்கள்? பும்ராவுக்கு முதுகு. நடராஜனுக்கு 2021இல் முழங்காலில் அறுவை சிகிச்சை. முழங்கை ஜவ்வு அறுந்த வேகப்பந்து வீச்சாளர் என்று நாம் அநேகமாகக் கேள்விப்படுவதே இல்லை. காரணம் கிரிக்கெட்டின் விதி. முரளிதரனைச் சுற்றி எழுந்த சர்ச்சையால் 15 டிகிரி என்ற கணக்கு நமக்கெல்லாம் மனப்பாடம்: பந்து வீசும்போது முழங்கை அதற்கு மேல் மடங்கி நீளக் கூடாது. கை ஏறக்குறைய நேராகவே சுழல்வதால், வேகத்தில் பெரும்பங்கு ஓட்டத்திலிருந்தும் முன்காலைத் தரையில் குத்தி நிறுத்துவதிலிருந்தும் வருகிறது. அந்த அதிர்ச்சி முதுகெலும்புக்கும் முழங்காலுக்கும் போகிறது.

பிட்சருக்கு ஓட்டமும் இல்லை, மடக்கக் கூடாது என்ற விதியும் இல்லை. கிரிக்கெட்டில் பதிவான அதிவேகப் பந்து 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசியது, மணிக்கு 161.3 கி.மீ. நின்ற இடத்திலிருந்து எறிந்த அரோல்டிஸ் சாப்மன் என்ற பிட்சரின் பந்து 2010 செப்டம்பரில் 170 கி.மீ.யைத் தொட்டது. ஓடாமலே அந்த வேகம் வேண்டுமென்றால் கையை ஒரு சாட்டையாக்க வேண்டும். சாட்டையின் நடுமுடிச்சு முழங்கை.

துவைகல்லும் கதவுக் கீலும்

ஆற்றங்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஈரத் துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக் கல்லில் அடிக்கும்போது, வேலை கையில் தொடங்குவதில்லை. முதலில் கால் ஊன்றுகிறது, பிறகு இடுப்பு திரும்புகிறது, பின்னால் தோள் வருகிறது, கடைசியில்தான் கை. துணியின் நுனி எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து, எல்லாவற்றையும் விட வேகமாக அறைகிறது. பிட்சரும் இதையேதான் செய்கிறார். காலில் பிறந்த விசை இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறி ஏறிக் கைக்கு வருகிறது. நல்ல பிட்சருக்குத் தொடையும் பிட்டமும் தடித்திருப்பது இதனால்தான்.

இடையில் ஒரு கணம் இருக்கிறது. உடம்பு மட்டையாளரை நோக்கித் திரும்பிவிட்டது. மடங்கிய கை இன்னும் பின்னால் கிடக்கிறது. முன்கை பின்பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. மெதுவாக ஓட்டிய படத்தில் பார்த்தால், கை ஒடிந்துவிட்டதோ என்று பதறும்படி இருக்கும். அடுத்த நொடிப்பொழுதில் தோள் உள்பக்கமாகச் சுழன்று கையை முன்னே வீசுகிறது. அந்தச் சுழற்சியின் வேகம் நொடிக்கு சுமார் 7,000 டிகிரி. முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேனைப் போல மூன்று மடங்கு. மனித உடலில் அளக்கப்பட்ட அசைவுகளில் இதுதான் மிக வேகமானது என்று சொல்லப்படுகிறது.

இப்போது முழங்கைக்கு வருவோம். முழங்கை ஒரு கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், அவ்வளவுதான். பக்கவாட்டில் திறக்க அதற்கு வழியில்லை. வீட்டில் கதவின் நுனியைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடும் பிள்ளையை ஏன் அதட்டுகிறோம்? கதவு ஒன்றும் ஆகாது. கீலில் உள்ள திருகாணிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். முன்கை பின்னால் கிடக்க, மேற்கை முன்னால் பாயும் அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் அப்படித்தான் பிளக்கப் பார்க்கிறது.

அதைப் பிளக்க விடாமல் பிடித்திருப்பது ஒரு ஜவ்வு. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நாருக்குத்தான் ஜவ்வு என்று பெயர். மருத்துவர்கள் லிகமென்ட் என்பார்கள். பேச்சு வழக்கில் இதை நரம்பு என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் நரம்பின் வேலை செய்தி கடத்துவது. மேற்கை எலும்பின் உள்முனையையும் முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பையும் இணைக்கும் இந்த ஜவ்வு, கிட்டத்தட்ட இரண்டரை செ.மீ. நீளம்தான், ஒரு நாடாத்துண்டு போல. டெண்டுல்கருக்கு 2004இல் வந்து நாமெல்லாம் கவலைப்பட்ட டென்னிஸ் எல்போ முழங்கையின் வெளிப்பக்கத்துக் கோளாறு. இது உட்பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு பாரம் வருகிறது என்றும் அளந்திருக்கிறார்கள். மடக்கிய கையின் மணிக்கட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தொங்கவிட்டு, முழங்கையைப் பக்கவாட்டில் பிளக்க விட்டால் எப்படி இருக்குமோ ஏறத்தாழ அந்த அளவு, ஒவ்வொரு வேகப் பந்துக்கும். ஆய்வகத்தில் அந்த ஜவ்வை மட்டும் தனியே எடுத்துச் சோதித்தால், அதில் பாதிப் பாரத்திலேயே அறுந்துவிடுகிறது.

பிறகு எப்படி ஒருவரால் நூறு பந்து எறிய முடிகிறது? முன்கைத் தசைகள் இறுகிப் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. கதவில் பிள்ளை தொங்கும்போது, பக்கத்தில் ஒருவர் நின்று கதவை அடியில் தாங்கிப் பிடிப்பது போல. தசை சோர்ந்துவிட்டால், தாங்கிப் பிடித்தவர் கையை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது முழுப் பாரமும் கீலுக்கு.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பிட்சரின் வேகம் காலில் பிறந்து கையில் முடிகிறது. வழியில் முழங்கையின் உட்பக்க ஜவ்வு தன் சக்திக்கு மிஞ்சிய பாரத்தைத் தசைகளின் துணையால் தாங்குகிறது. தசை சோர்ந்தால் ஆபத்து.

கிணற்றுக் கயிறு

"அந்த ஒரு பந்தில் அறுந்துவிட்டது" என்றுதான் செய்தியில் வரும். பார்ப்பவருக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் ராட்டினத்தில் ஓடும் கிணற்றுக் கயிறு கடைசிக் குடத்தால் அறுவதில்லை. புரி ஒவ்வொன்றாகப் பிய்ந்து, நூல் நூலாக மெலிந்து, ஒரு நாள் அறுகிறது. ஜவ்வும் அப்படியே. ஒவ்வோர் ஆட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. ஓய்வு கிடைத்தால் உடம்பு கொஞ்சம் தைத்துக்கொள்கிறது. ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. எனவே தையல் வேலை மெதுவாகத்தான் நடக்கும். தைப்பதற்குள் அடுத்த கிழிசல் விழுந்தால் கணக்கு பாக்கியில் போகிறது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உடற்பயிற்சியால் தசையைப் பெருக்கலாம், கால் பலத்தைக் கூட்டலாம், எறியும் வேகத்தை ஏற்றலாம். அதே விகிதத்தில் ஜவ்வு தடிப்பதில்லை. லாரிக்குப் பெரிய எஞ்சினை மாட்டிவிட்டுப் பழைய அச்சாணியையே வைத்திருப்பது போன்ற நிலை இது.

டாட்ஜர் ஸ்டேடியம், 1974

இந்த அறுவை சிகிச்சைக்கு ஒரு மருத்துவரின் பெயர் வைக்கவில்லை. நோயாளியின் பெயரை வைத்தார்கள். டாமி ஜான், இந்தியானா மாநிலத்தில் 1943இல் பிறந்த இடக்கைக்காரர். 1974 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 13 வெற்றி, 3 தோல்வி என்று அருமையாக ஆடிக்கொண்டிருந்தார். ஒரு பிட்சர் எறிந்துகொண்டிருக்கும்போது அணி முன்னிலை பெற்று, அதைக் கடைசி வரை விடாமல் வென்றால், அந்த வெற்றி அவர் பெயரில் எழுதப்படும். நான் சொல்லும் வெற்றிக் கணக்கு அதுதான். ஜூலை 17 அன்று மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு பந்து எறிந்ததும் கை சொன்னபடி கேட்கவில்லை. அவருக்கு வயது 31.

அதுவரை இதற்குப் பெயர் "செத்த கை". வைத்தியம் இல்லை. அதே டாட்ஜர்ஸ் அணியில் சாண்டி கோஃபாக்ஸ் என்ற மாபெரும் பிட்சர், முழங்கை மூட்டுத் தேய்ந்து வலி பொறுக்காமல், 27 வெற்றிகள் பெற்ற 1966 பருவம் முடிந்த கையோடு 30 வயதில் விலகியிருந்தார். கோஃபாக்ஸுக்கு வந்தது வேறு கோளாறுதான். ஆனால் முழங்கை போனால் தொழில் போயிற்று என்பதுதான் எல்லாருக்கும் ஒரே விதி.

அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் ஒரு யோசனை சொன்னார். அறுந்த ஜவ்வைத் தைத்தால் நிற்காது; உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு நாணை எடுத்து அந்த இடத்தில் கட்டிப் பார்க்கலாம். கை, கால்களில் வேறு சிகிச்சைகளுக்கு நாண் மாற்றும் முறை இருந்தது. ஒரு பிட்சரின் எறியும் கையில் யாரும் செய்ததில்லை. திரும்ப ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று ஜோப் ஒளிக்காமல் சொன்னார். 1974 செப்டம்பர் 25 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் முழங்கை வழியாகப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் நகம்போல் வளைந்துகொண்டதால், டிசம்பரில் இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டியிருந்தது. 1975 முழுவதும் அவர் ஆடவில்லை. 1976 ஏப்ரலில் மறுபடி மண்மேட்டில் ஏறினார்.

அதற்குப் பிறகு 1989 வரை, 46 வயது வரை ஆடினார். மொத்தம் 288 வெற்றிகள். அதில் 124 அறுவைக்கு முன், 164 பின்னால்.

இந்தக் கணக்குதான் "ஆபரேஷனுக்குப் பிறகு கை பலமாகும்" என்ற நம்பிக்கைக்கு முதல் விதை என்று நினைக்கிறேன். ஆனால் டாமி ஜான் எப்படிப்பட்ட பிட்சர் என்று பார்க்க வேண்டும். அவர் வேகத்தை நம்பியவர் அல்ல. தகட்டருகே சரிந்து விழும் பந்தைத் துல்லியமாகப் போட்டு, மட்டையாளரைத் தரையோடு உருளும்படி அடிக்க வைப்பவர். ஒட்டுப் போட்ட கையை மிரட்டி வேலை வாங்காதவர். இந்த விவரம் மைதானத்துப் பேச்சில் வருவதே இல்லை.

ஒட்டு மாமரம்

சிகிச்சையில் நடப்பது இதுதான். முதலில் மாற்று நாண் வேண்டும். தசையை எலும்போடு கட்டும் நாருக்குத் தசைநாண் என்று பெயர். உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்துவைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி போல எழும்பி நிற்கிறதே, அநேகமாக அதைத்தான் எடுப்பார்கள். அது இல்லாவிட்டாலும் கை வழக்கம்போல் வேலை செய்யும். சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. அவர்களுக்குத் தொடைப் பின்பக்கத்து நாணை எடுப்பது வழக்கம். டாமி ஜானுக்கு வலக் கையிலிருந்து எடுத்து இடது முழங்கையில் வைத்தார்கள்.

அடுத்து இரண்டு எலும்புகளிலும் சிறு துளைகள் போட்டு, கயிற்றுக் கட்டில் பின்னுவதைப் போல அந்த நாணைத் துளைகள் வழியே கோத்து இழுத்துக் கட்டுகிறார்கள். இன்றைக்கு இதைக் கைதேர்ந்த மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்.

கட்டியது வேறு, பிடித்தது வேறு. ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒட்டுப் போட்ட அன்றே அது மரமாகிவிடுவதில்லை. சாறு ஏறி, இரண்டு தண்டும் ஒன்றாக வளர வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளில் பூ வந்தால்கூட விவரம் தெரிந்தவர்கள் கிள்ளிவிடுவார்கள். புதிய நாணும் அப்படித்தான். அதற்குள் புது ரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும். தசையை இழுக்கப் பிறந்த நார், எலும்பைக் கட்டும் ஜவ்வாக உள்ளுக்குள் மெல்ல மாற வேண்டும். இதை எந்த மருந்தும் அவசரப்படுத்த முடியாது.

எனவே பிட்சர் சுமார் நான்கு மாதம் பந்தைத் தொடுவதில்லை. பிறகு பதினைந்து மீட்டருக்குள் மெல்லத் தட்டிப் போடுவதில் தொடங்கி, வாரம் வாரமாகத் தூரத்தைக் கூட்டி, மண்மேட்டில் ஏற முக்கால் ஆண்டு ஆகும். உண்மையான ஆட்டத்துக்கு வர 12 முதல் 18 மாதம். இருபதுகளில் இருக்கும் ஒருவன் ஒன்றரை ஆண்டு, கூட்டாளிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ரப்பர்ப் பட்டையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். சிகிச்சையின் கடினமான பகுதி அறுவைக் கூடத்தில் இல்லை.

சேர்த்துச் சொன்னால்: அறுந்த ஜவ்வின் இடத்தில் உடம்பின் வேறு நாண் ஒன்று ஒட்டுப் போடப்படுகிறது. அது ஜவ்வாக மாற ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் கிடைப்பது பழைய கைக்கு ஈடான ஒன்றுதான்.

வேகம் கூடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

வெறும் வதந்தி என்று தள்ள முடியாது, ஏனென்றால் சிலருக்கு உண்மையிலேயே வேகம் கூடியிருக்கிறது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஜவ்வு முழுதாக அறுவதற்கு முன்பே ஒன்றிரண்டு ஆண்டு அது நைந்துகொண்டிருக்கும். வேகம் மெல்ல இறங்கியிருக்கும். சிகிச்சைக்குப் பின் வரும் வேகத்தை அந்த இறங்கிய வேகத்தோடு ஒப்பிட்டால் கூடியதாகத்தான் தெரியும். அடுத்து, அந்த ஒன்றரை ஆண்டு முழுக்க அவர் கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் முறையாகப் பலப்படுத்துகிறார். ஆட்டம் ஓடும் பருவத்தில் அதற்கு நேரமே கிடைத்திருக்காது. பதினெட்டு வயதுப் பையனென்றால் ஒன்றரை ஆண்டில் உடம்பே வளர்ந்துவிடுகிறது. வேகம் கூடியது இவற்றால். நாணால் அல்ல.

இன்னொன்று. திரும்பி வந்தவர்களை மட்டுமே நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். மேஜர் லீக் பிட்சர்களில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் மறுபடி அந்தத் தளத்துக்கு வருகிறார்கள். வியக்கத்தக்க வெற்றிதான். ஆனால் மீதி இரண்டு பேரின் பெயர் யாருக்கும் தெரியாது. வந்த எட்டுப் பேரும் பழையபடி ஆடினார்கள் என்றும் பொருளில்லை. இரண்டாம் முறை அறுந்தால் கணக்கு இன்னும் மோசம்.

நன்றாக மீண்டு வந்தவர்களும் உண்டு. ஜான் ஸ்மோல்ட்ஸ் 2000இல் சிகிச்சை செய்துகொண்டு, கொஞ்ச காலம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை மட்டும் எறிபவராக மாறி, பிறகு மறுபடி ஸ்டார்ட்டராகி, 2015இல் பேஸ்பாலின் புகழ்க்கூடத்துக்குத் தேர்வானார். இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பிட்சர்களில் அங்கே நுழைந்த முதல் ஆள் அவர்தான். ஜஸ்டின் வெர்லாண்டர் 37 வயதில் செய்துகொண்டு, 39 வயதில் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். பந்தும் எறிந்து மட்டையும் பிடிக்கும் ஷோஹெய் ஓதானிக்கு 2018இல் ஒரு முறை, 2023இல் மறுமுறை முழங்கையில் அறுவை. 2024 முழுவதும் அவர் மட்டை மட்டுமே பிடித்தார். 2025 ஜூனில்தான் மறுபடி பந்தெறிந்தார்.

தெரிந்தும் ஏன் வேகமாக எறிகிறார்கள்?

இது பணக் கணக்கு. பள்ளியிலோ கல்லூரியிலோ தேர்வாகும் பையன் நேரே மேஜர் லீக்குக்குப் போவதில்லை. கீழ்த்தளங்களில், சின்ன ஊர்களில், பஸ்ஸில் ராப்பயணம் செய்து பல ஆண்டு ஆட வேண்டும். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள் ஏ தளத்தில் 2023க்கு முன் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலர். ஆட்டக்காரர்கள் சங்கம் சேர்ந்த பிறகு 35,800 ஆயிற்று. மேஜர் லீக்கில் 2025இல் குறைந்தபட்சமே 7,60,000 டாலர். ஒரே ஒரு படிதான், இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அந்தப் படியில் ஏற்றிவிடுவது எது? ரேடார் கருவியில் தெரியும் எண். 2008இல் மேஜர் லீக் வேகப் பந்தின் சராசரி மணிக்கு சுமார் 148 கி.மீ.; 2024இல் 151ஐத் தாண்டியது. சராசரியே இவ்வளவு ஏறும்போது, 145இல் எறிபவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாரமும் வேகத்தோடு ஏறுகிறது. இன்று மேஜர் லீக் பிட்சர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர். 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே ஓர் அறிக்கை வெளியிட்டு, வேகத்தின் மீதான இந்த மோகத்தையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறியும் பழக்கத்தையும் காரணமாகச் சொன்னது.

அணிகளின் பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும். மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடிந்த பின்தான் ஒருவர் தான் விரும்பிய அணிக்குப் போக முடியும். பெரிய ஒப்பந்தம் அப்போதுதான். அந்த ஆறு ஆண்டில் ஜவ்வின் சிறந்த காலம் கழிந்துவிடுகிறது. ஒரு நல்ல அம்சம், மேஜர் லீக் அணியில் இருக்கும்போது காயப்பட்டால் ஊதியமும் சேவைக் காலமும் தொடரும். கீழ்த்தளத்தில் காயப்படுபவனுக்கு அந்த நிழல் இல்லை.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் கதையில் இது எல்லாமே இருக்கிறது. 2009இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதலில் எடுக்கப்பட்டவர். 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றினார்; இதற்கு ஸ்டிரைக் அவுட் என்று பெயர். செப்டம்பரில் முழங்கையில் அறுவை. 2012இல் அவருடைய அணி, கோப்பை வாய்ப்பு இருந்தும், கையைக் காப்பாற்ற அவரைப் பருவம் முடியும் முன்பே செப்டம்பரில் நிறுத்திவைத்தது, ஊரே திட்டியது. 2019இல், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஏழாண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்பின் அவர் ஆடியது எட்டே ஆட்டங்கள், 2024இல் ஓய்வு. கடைசியில் அவரை நிறுத்தியது முழங்கை அல்ல, தோளருகே நரம்புகள் நெரிபடும் வேறொரு கோளாறு. ஓர் இடத்தைச் சரிசெய்தால் சங்கிலியின் அடுத்த கண்ணி இருக்கிறது.

நம் நாட்டுப் பையன் ஒருவனும் இந்த ஏணியில் கொஞ்ச தூரம் ஏறினான். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் வீரர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் நடந்த ஒரு தேடல் போட்டியில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தமானார்கள். பேஸ்பாலைக் கையால் தொட்டே இராதவர்கள். ரிங்கு கீழ்த்தளங்களில் சில பருவங்கள் நன்றாகவே ஆடினார். பிறகு காயங்கள் வழிமறித்தன. 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

விதிக்கு அடங்காத கைகள்

"அந்தக் காலத்தில் நோலன் ரயன் எறியவில்லையா?" என்று பழைய ரசிகர்கள் கேட்பார்கள். எறிந்தார். 1974 ஜூன் மாதம், டாமி ஜானின் ஜவ்வு அறுவதற்கு ஒரு மாதம் முன்பு, பக்கத்து ஊரான அனஹைமில் ஒரே ஆட்டத்தில் 13 இன்னிங்ஸ், 235 பந்து. 27 பருவங்கள் ஆடி 5,714 ஸ்டிரைக் அவுட்கள் எடுத்தார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை. ஆனால் அவருடைய தொழில் முடிந்ததும் எதனால்? 1993 செப்டம்பர் 22, சியாட்டில், வயது 46. அறுந்தது அதே ஜவ்வு. மற்றவர்களுக்கு 25இல் வருவது அவருக்கு 46இல் வந்தது. அப்படி ஒரு உடம்பு அது. நூறு வயது வரை சுருட்டுப் பிடித்த தாத்தாவைக் காட்டிச் சுருட்டு நல்லது என்று சொல்ல முடியாது அல்லவா?

எனக்கு மிகப் பிடித்தவர் ஆர். ஏ. டிக்கி. 1996இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. ஒரு பத்திரிகை அட்டையில் அவருடைய வலக் கை தொங்கும் விதத்தைப் பார்த்து அணியினருக்குச் சந்தேகம் வந்தது. சோதித்தபோது அந்த ஜவ்வே அவருக்கு இல்லை என்று தெரிந்தது. தருவதாகச் சொன்ன தொகை 75,000 ஆகச் சுருங்கியது. பத்தாண்டுக்கும் மேல் அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் நக்கிள்பால் என்ற வித்தையைக் கற்றார். பந்தை விரல் நுனியில் பிடித்துச் சுழலாமல் மெதுவாகத் தள்ளிவிடுவது. காற்றில் அது எந்தப் பக்கம் ஆடும் என்று எறிபவருக்கே தெரியாது. மெதுவான பந்துக்குப் பாரம் குறைவு. 2012இல், 38 வயதில், அவருக்குச் சை யங் விருது கிடைத்தது.

அக்கா மகனின் கை

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனைகள் இன்னும் குருத்தாகவே இருக்கும். பெரியவர்களுக்கு ஜவ்வு அறும் இடத்தில், சிறுவர்களுக்கு அந்தக் குருத்தெலும்பே இழுபட்டுப் பிரியலாம். ஒட்டுப் போடுவதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. நல்ல கையில் முன்கூட்டியே சிகிச்சை செய்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கும் பெற்றோரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் வயதுவாரியாக வரம்புகள் வகுத்துள்ளன. 11, 12 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து. 20 வரை எறிந்தால் ஓய்வு கட்டாயமில்லை. 35 வரை ஒரு நாள். 50 வரை இரண்டு. 65 வரை மூன்று. அதற்கு மேல் நான்கு நாள். ஆண்டுக்கு நான்கு மாதம் கை முழுதாகச் சும்மா இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு அணிக்கு எறிந்தால் இரண்டையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஆட்டத்தை மட்டும் எண்ணுவார்கள். கூட்டுத்தொகை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அக்காவிடம் ஒரு சின்ன எண்ணும் கருவி வாங்கிக்கொள்ளச் சொன்னேன், கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடுமே, அது. போன ஞாயிறு ஆட்டம் முடிந்து காரில் வரும்போது போன் செய்தாள். "அம்பத்தெட்டு" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். பின்னால் அவன் ஏதோ முனகினான். இனி வியாழக்கிழமைதான்.